பட்டா நிலத்து மரம்: சிங்கப்பூரிலிருந்து ஒரு பார்வை



சொந்த விளைநிலத்தில் மரம் வளர்ப்பது பற்றித்தான் இன்றைய பேச்சு. தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர் சிரித்தார். வீவக அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் கறிவேப்பிலைத் தொட்டி வைக்கவே இடம் பார்க்க வேண்டிய ஊரில் விளைநிலத்துக்கு எங்கே போவது என்றார். அவருக்கு இரண்டு பதில் உண்டு. இந்தத் தீவே ஒரு காலத்தில் தனியார் தோட்டங்களால் நிரம்பிக் கிடந்தது என்பது ஒன்று. இந்த அரங்கில் இருப்பவர்களில் பலருக்கு இன்றும் நிலம் இருக்கிறது என்பது மற்றொன்று. அது மன்னார்குடியிலோ பேராவூரணியிலோ அறந்தாங்கியிலோ முதுகுளத்தூரிலோ இருக்கிறது. பட்டா இருக்கிறது, உழ ஆள் இல்லை. ஊரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் பெரியப்பா, “பேசாம மரத்தை வச்சு விட்ருப்பா” என்கிறார். அந்த ஒரு வரி யோசனையை வைத்துக்கொண்டுதான் இன்று பேசப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் தன் நிலத்தில் மரம் நடுவாரா, நட்டதை ஒழுங்காக வளர்ப்பாரா என்பதை அவருடைய இயற்கைப் பற்று முடிவு செய்வதில்லை. மரம் வெட்டுக்கு வரும் நாளில் நிலம் தன் கையில் இருக்குமா, வெட்ட விடுவார்களா, அதுவரை பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் உண்டா என்ற கணக்குதான் முடிவு செய்கிறது. இதற்கு இந்தத் தீவைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

வெற்றிலை போடும் பழக்கமுள்ள வீடுகளில் காசுக்கட்டி தெரிந்திருக்கும். கருங்காலிக் கட்டையிலிருந்து எடுப்பது ஒரு வகை. இன்னொரு வகை, காம்பியர் என்ற கொடியின் இலையைப் பெரிய இரும்புச் சட்டியில் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுப்பது. 1819இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கும் முன்பே இங்கே காம்பியர்த் தோட்டங்கள் இருந்தன. பிறகு ஐரோப்பியத் தோல் பதனிடும் ஆலைகள் அதைக் கேட்கத் தொடங்கியதும், சீனக் குடியானவர்கள், பெரும்பாலும் தியோச்சியூக்காரர்கள், தீவின் உட்பகுதியெங்கும் காட்டைத் திருத்தினார்கள். காம்பியரோடு மிளகும் பயிரிட்டார்கள். கொதித்து முடிந்த இலை மிளகுக்கு உரமானது. பார்ப்பதற்கு அழகான கலப்பு வேளாண்மை.

ஆனால் சட்டிக்கு விறகு வேண்டும். தோட்டம் போட ஒரு பங்கு காடு போனால், அடுப்புக்கு இன்னொரு பங்கு காடு போனது. பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சோர்ந்துவிடும். அப்படியே விட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்வார்கள். விட்டுப்போன இடத்தில் லாலாங் புல் மண்டும். 1840களிலிருந்து பலர் ஜொகூருக்கே நகர்ந்துவிட்டார்கள். பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தானியல் காண்ட்லி 1880களின் தொடக்கத்தில் காடுகளை ஆய்ந்து அறிக்கை எழுதியபோது தீவின் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூடக் காடாக எஞ்சவில்லை. புக்கிட் தீமா இன்று நிற்பது அந்த அறிக்கைக்குப் பின் அதை ஒதுக்குக் காடாக்கியதால்தான்.

இந்தக் குடியானவர்களைக் காடழித்தவர்கள் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு நிலப் பத்திரம் கிடையாது. முன்பணம் கொடுத்த நகரத்து வணிகருக்குக் கடன்பட்டவர்கள். இருபது ஆண்டு கழித்துத் தன்னுடையதாக இருக்குமா என்று தெரியாத இடத்தில் ஒருவர் ஏன் மரத்தை விட்டுவைக்க வேண்டும்?

அதே காலத்தில், அதே தீவில், பத்திரம் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஆர்ச்சர்ட் சாலையில் கடை கடையாக ஏறி இறங்குகிறோமே, அது ஜாதிக்காய்த் தோப்பு இருந்த இடம். ராஃபிள்ஸ் பென்கூலனிலிருந்து ஜாதிக்காயும் கிராம்பும் அனுப்பிவைத்தார். 1830களிலும் 1840களிலும் ஐரோப்பிய மருத்துவர்களும் அதிகாரிகளும் வணிகர்களும் அந்தப் பக்கம் நிலம் வாங்கி ஜாதிக்காய் நட்டார்கள். அறுவை மருத்துவர் தாமஸ் ஆக்ஸ்லியின் கில்லினி தோட்டம், கேப்டன் ஸ்காட்டின் தோட்டம், வில்லியம் கப்பேஜின் எமரால்டு ஹில் தோட்டம் எல்லாம் இன்று சாலைப் பெயர்களாக இருக்கின்றன.

ஜாதிக்காய் பொறுமை கேட்கும் மரம். காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகும். அதைவிடச் சோதனை, ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு; பூக்கும்வரை எது என்ன என்று தெரியாது. ஆண்டுக்கணக்கில் எருவிட்டு வளர்த்த மரம் ஆண் என்று தெரிந்தால், பத்துப் பெண்ணுக்கு ஒன்று என்று நிறுத்திவிட்டு மிச்சத்தை வெட்டித் தள்ள வேண்டும். கையில் நீண்டகாலப் பத்திரம் இருப்பவர் மட்டுமே இந்தச் சூதாட்டத்தில் இறங்க முடியும். ஆக்ஸ்லி 1848இல் ஜாதிக்காய் வளர்ப்பைப் பற்றி விரிவாகவே எழுதி வெளியிட்டார். நாற்றங்கால், எரு, நிழல், காற்றுத் தடுப்பு என்று ஒரு மரம் விடாமல் கவனித்த மனிதர்.

பத்து ஆண்டுகள் கழித்து எல்லாம் முடிந்துவிட்டது. 1850களின் பிற்பகுதியில் ஒரு நோய் வந்தது. உச்சியிலிருந்து காய்ந்து மரம் மரமாகப் பட்டுப்போயின. ஒரு தோப்பின் வேலியை ஒட்டி அடுத்த தோப்பு, அங்கும் அதே ஜாதிக்காய். நோய்க்குத் தடை ஏதும் இல்லை. 1860களில் தோட்டக்காரர்கள் நிலத்தை வீட்டு மனையாக விற்றுவிட்டு எழுந்தார்கள். உரிமை இருந்தது, காத்திருந்தார்கள், பக்கத்திலேயே குடியிருந்து பார்த்தார்கள். ஒரே மரத்தை நம்பியதில் விழுந்தார்கள். இந்தக் கதையைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பட்டுக்கோட்டைக்குப் போகும்போது தேவைப்படும்.

ரப்பர் கதை உங்களுக்குத் தெரிந்தது. 1877இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 கன்றுகள் வந்தன. 1888இல் பூமலைப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் மீன்முள் வடிவக் கீறலைக் கண்டுபிடித்தார். ரப்பர் நடுங்கள் என்று எல்லாத் தோட்டக்காரர்களிடமும் மன்றாடினார். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பட்டம் கிடைத்தது. காபியில் பணம் வந்துகொண்டிருந்தவரை யாரும் அசையவில்லை. மலாக்காவில் டான் சே யான் 1896இல் நட்ட பிறகுதான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் சொல்ல வருவது ரப்பரின் வெற்றி பற்றியல்ல, அதன் முதல் ஆறு ஆண்டுகள் பற்றி. ரப்பர் பால் கொடுக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். அதுவரை கூலி கொடுப்பது யார்? வடக்கே நீ சூன், செம்பவாங் பக்கம் தோட்டம் போட்ட லிம் நீ சூன் போன்றவர்கள் கண்ட வழி அன்னாசி. ரப்பர் வரிசைகளுக்கு இடையே அன்னாசி நட்டார்கள். ஒன்றரை ஆண்டில் காய் வந்துவிடும். டப்பாவில் அடைத்து ஏற்றுமதி செய்யலாம். ரப்பரின் நிழல் கவியும்போது அன்னாசி தன் வேலையை முடித்துக்கொண்டு விலகும். டான் கா கீயும் தம் அன்னாசித் தோட்டத்தில் 1906இல் ரப்பர் விதையை இடையில் ஊன்றித்தான் ரப்பருக்குள் வந்தார். மரம் வளர்ப்பில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது: மரம் சம்பாதிக்கத் தொடங்கும்வரை வேறொன்று சம்பாதிக்க வேண்டும். இன்று வேளாண் கல்லூரிகள் இதை வேளாண்காடு வளர்ப்பு என்று பாடமாக வைத்திருக்கின்றன. முதலாளிகள் அதைத் தம் கணக்குப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

அந்த வரிசைகளுக்கு இடையே களை வெட்டியவர்களிலும் விடியுமுன் பால் வெட்டியவர்களிலும் நம்மவர்கள் நிறைய. அவர்களுக்கு அந்த மரங்களில் ஒரு கிளைகூடச் சொந்தமில்லை. அவர்கள் தமக்கென்று எடுத்துக்கொண்டது வேறு வகை மரம். ஈசூன் தொழிற்பேட்டையில் இன்று இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், செம்பவாங் கடற்படைத் தளப் பகுதியில் ஒரு மரத்தடியில் தொடங்கியது. கோயில் இடம் மாறிய பின்னும் பெயரில் மரம் இருக்கிறது.

விடுதலைக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1966இல் வந்த நிலக் கையகப்படுத்தல் சட்டத்தால் தோட்டங்களும் கம்பம் எனப்படும் கிராமங்களும் அரசு நிலமாயின. வீடுகளும் தொழிற்பேட்டைகளும் எழும்பின. 1980களில் பன்றிப் பண்ணைகள் மூடப்பட்டன. இப்போது பண்ணை நிலம் தீவின் பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. லிம் சூ காங், கிராஞ்சிப் பக்கம் இருக்கும் பண்ணைகளுக்குக் குத்தகை பெரும்பாலும் இருபது ஆண்டு அல்லது அதற்கும் குறைவு. அந்தக் குத்தகையில் கீரை போடலாம், முட்டை உற்பத்தி செய்யலாம், மீன் வளர்க்கலாம். தேக்கு நட முடியாது. மரம் முதிரும்போது குத்தகை முடிந்திருக்கும்.

ஆகவே சிங்கப்பூரில் மரம் நடுவது அரசின் வேலையாயிற்று. 1963 ஜூன் 16 அன்று லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மரம் நட்டதிலிருந்து இது தொடர்கிறது. தனியாருக்கு மிஞ்சியது கட்டுப்பாடு. மரப் பாதுகாப்புப் பகுதிகளிலும் காலி மனைகளிலும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டிய மரத்தைத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நெருக்கமான நகரத்துக்கு அது சரியான சட்டம். இதே மனப்பாங்கை விவசாயியின் வயலுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்குச் சந்தனத்தின் கதை இருக்கிறது.

1792இல் மைசூர் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசருக்குரிய மரம் என்று அறிவித்தார். அவர் போனார், ஆங்கிலேயர் வந்தார்கள், போனார்கள். அறிவிப்பின் சாரம் மட்டும் போகவில்லை. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் உங்கள் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனமும் அரசின் பிடியில்தான் இருந்தது. மரம் காணாமல் போனால் காவலர்கள் வந்து கேட்பது நிலத்துக்காரரை. திருடன் வெட்டினாலும் விளக்கம் சொல்ல வேண்டியது அவர். விளைவு என்ன? வரப்பில் சந்தனக் கன்று தலைகாட்டினால், யாரும் பார்க்குமுன் பிடுங்கிப் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று ஆயிற்று. பாதுகாப்பதற்காக எழுதிய விதியே கன்றைக் கொன்றது.

2001இல் கர்நாடகமும் 2002இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்றன. 2008இல் தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் வந்தன. வெட்டவும் விற்கவும் இன்னும் வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும். இருந்தாலும் அதற்குப் பிறகுதான் விவசாயிகள் காசு கொடுத்துச் சந்தனக் கன்று வாங்கத் தொடங்கினார்கள். சந்தனத்தைத் தனியாக நட்டால் வராது என்பதையும் அப்போதுதான் பலர் கற்றார்கள். அது பாதி ஒட்டுண்ணி. பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைச் செருகி உறிஞ்சும். சிறுவயதில் துவரை, பிறகு சவுக்கு என்று துணை வைக்க வேண்டும். காவல் செலவு தனி. வைரம் ஏறிய சந்தனம் இருக்கும் தோப்பில் நிம்மதியாகத் தூங்க முடியாது.

சந்தனத்துக்கு நேர் எதிர் சவுக்கு. இங்கே சாங்கிக் கடற்கரையில் தானாக நிற்கும் மரம் அது. தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டுக் கடலோர மணலில் அது ஒரு பயிர். மூன்று நான்கு ஆண்டில் வெட்டு. பந்தலுக்கும் சாரத்துக்கும் கழி, காகித ஆலைக்குக் கட்டை, மிச்சம் விறகு. வேரில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துத் தரும். கரூர் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையோடு மரக்கூழையும் நம்பியிருப்பதால் விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டுச் சவுக்கும் தைலமரமும் வளர்க்கச் சொல்கிறது. கோவையின் வன மரபியல் நிறுவனமும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் வேகமாக வளரும் சவுக்கு ரகங்களைக் கொடுத்திருக்கின்றன. ஆனாலும் சவுக்கு இவ்வளவு பரவியதற்கு முதல் காரணம் அதை வெட்ட யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பதே என்று நினைக்கிறேன். தேக்கை வெட்டிக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். சவுக்குக்கு வியாபாரி வந்து விலை பேசினால் போதும். எங்கே கெடுபிடி இல்லையோ அங்கே மரம் பெருகுகிறது. இதை அரசுகள் மெதுவாகத்தான் புரிந்துகொள்கின்றன.

சரி, பெரியப்பாவின் யோசனைக்கு வருவோம்.

“மரத்தை வச்சு விட்ரு” என்பதில் கடைசிச் சொல்தான் சிக்கல். வெளிநாட்டில் இருப்பவர் மரம் வைப்பதன் உள்நோக்கம் பல சமயம் மரமே அல்ல. குத்தகைக்கு விட்டால் 1955ஆம் ஆண்டின் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் நினைவுக்கு வருகிறது. நிலம் திரும்ப வருமா என்ற பயம். சும்மா போட்டால் சீமைக்கருவேல் வந்துவிடும். ராமநாதபுரம், சிவகங்கைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நடாமலே வரும், வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம் அது. அதில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் நிலமற்ற குடும்பங்களும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே நிலத்துக்கு ஒரு காவலாளாகத் தென்னையையோ தைலமரத்தையோ நிறுத்திவிட்டு நாம் விமானம் ஏறிவிடுகிறோம். இதனால் வேலை இழப்பவர் யார் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். நெல் வயலில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் கூலிக்கு வந்த பெண்களுக்குத் தைலமரத் தோப்பில் ஒரு நாள் வேலைகூட இல்லை.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பக்கம் தென்னை பரவியதற்கும் ஆள் பற்றாக்குறையும் கடைமடைத் தண்ணீர்ப் பிரச்சினையும் வெளிநாட்டுப் பயணங்களும் காரணம். நல்ல வருமானம் வந்தது. தப்புச் சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. சில மணி நேரத்தில் முப்பது நாற்பது வயதுத் தென்னைகள் வேரோடும் நடு முறிந்தும் சாய்ந்தன. அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் என்று 1,100 ரூபாய் அறிவித்தது. விழுந்த மரத்தை அகற்றவே அது போதவில்லை என்று விவசாயிகள் சொன்னார்கள். மீண்டும் தென்னம்பிள்ளை வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு ஆண்டு. இங்கே சிராங்கூன் சாலைக் கடைகளில் நிவாரணப் பணம் திரட்டியது பலருக்கு நினைவிருக்கும். ஆர்ச்சர்ட் சாலை ஜாதிக்காய்க்கு வந்தது நோய், இவர்களுக்கு வந்தது காற்று. ஒரே மரத்தை வேலிக்கு வேலி நெருக்கி வைத்திருந்தது மட்டும் இரண்டிலும் பொது.

அதே வட்டாரத்தில், புதுக்கோட்டை மாவட்டம் சேந்தன்குடியில் ‘மரம்’ தங்கசாமி இருந்தார். தம் நிலத்தைச் சந்தனம், செம்மரம், தேக்கு, பலா என்று கலந்த தோப்பாக ஆக்கினார்; ஊர் ஊராகப் போய்க் கன்று கொடுத்தார். 2018இல் மறைந்தார். அவரைப் பற்றிய கட்டுரைகள் அவரைத் துறவியாகக் காட்டுகின்றன. எனக்கு அவர் கெட்டிக்கார விவசாயியாகத்தான் தெரிகிறார். பலவற்றைக் கலந்தால் ஒன்று போனாலும் ஒன்று நிற்கும் என்பதும், பலா ஆண்டுதோறும் காசு தந்தால் சந்தனம் காத்திருக்கலாம் என்பதும் துறவியின் கணக்கல்ல.

கலப்பு என்றதும் சோலை வளர்க்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். காங்கேயம் பக்கம் கொரங்காடு என்ற ஒன்று இருக்கிறது. மழை குறைவு, பாசனம் கிடையாது. நிலத்தைச் சுற்றிக் கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். புல்லுக்கு நடுவே அங்கங்கே வெள்வேல மரம். காங்கேயம் மாடும் ஆடும் உள்ளே மேயும்; வறட்சிக் காலத்தில் புல் தீர்ந்ததும் வேலங்காய் விழும், அதைத் தின்னும். வயதான மரத்தை வேண்டும்போது வெட்டி விற்கலாம். உழவு இல்லை, ஆள் செலவு குறைவு. உரிமையாளர் ஊரில் இல்லாவிட்டால் மேய்ச்சலுக்குக் குத்தகைக்கு விடலாம்; கிளுவை வேலி எல்லையைக் காக்கும். தொலைவில் இருப்பவருக்கு இவ்வளவு பொருத்தமான ஏற்பாட்டை எந்த ஆராய்ச்சி நிலையமும் கண்டுபிடிக்கவில்லை. கொங்குக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்ததுதான். டெல்டாக்காரர்களுக்கு இது ஒத்துவராது. இன்று கொரங்காடுகள் மனைகளாகவும் ஆலைகளாகவும் குறைந்து வருகின்றன என்பது வேறு துயரம்.

டெல்டாவில் வயலை விட்டுவிட வேண்டியதில்லை. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தேக்கு வைக்கலாம். தஞ்சை வாய்க்கால் கரைத் தேக்கு வனத்துறையே வளர்த்துப் பெயர் வாங்கிய சரக்கு. கிழக்கு மேற்காகப் போகும் வரப்பு நிழல் விஷயத்தில் நல்லது. வடக்குத் தெற்கு வரப்பில் வரிசையாக நெருக்கி வைத்தால் காலையும் மாலையும் நெல்லின் மேல் நிழல் விழும். மரத்துக்கும் பயிருக்கும் நடுவே ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து ஆண்டுக்கொரு முறை வேரை அறுத்துவிட்டால் சண்டை குறையும். புங்கனும் வாதநாராயணனும் தழை உரத்துக்கு. பனை இருந்தால் தொடாதீர்கள். அதை வெட்ட இப்போது மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

தனித் தோப்பாகத் தேக்கு வைத்தவர்களில் பெரும்பாலோர் செய்யும் பிழை, கலைக்காமல் விடுவது. ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏழெட்டு ஆண்டில் பாதி மரத்தை எடுத்துவிட வேண்டும். பிறகு இன்னொரு முறை. அப்போதுதான் நிற்பது பருக்கும். நட்டதை வெட்ட மனம் வராது. “நல்லாத்தானே நிக்குது” என்பார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால் தோப்பு முழுக்க விறகுக்கும் வேலிக்காலுக்கும் ஆகும் குச்சிகள். பக்கக் கிளையைச் சின்ன வயதிலேயே ஒட்ட நறுக்காவிட்டால் பலகை முழுக்கக் கணு. இந்த வேலையெல்லாம் தொலைபேசியில் நடக்காது.

தேக்கை வைத்துப் பணம் இழந்த இன்னொரு கூட்டமும் உண்டு. இந்த அரங்கில் இருந்தால் கை தூக்க வேண்டாம். 1990களில் ஒரு தேக்குக்கு இவ்வளவு கட்டுங்கள், இருபது ஆண்டில் பல மடங்கு என்று நிறுவனங்கள் விளம்பரம் செய்தன. சென்னையின் அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998இல் சரிந்து ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போயிற்று. முதலீட்டாளர் மரத்தைப் பார்த்ததில்லை, மண்ணைத் தொட்டதில்லை. கையில் காகிதம் மட்டும்.

இப்போது அதே வாசலில் கார்பன் நிற்கிறது. சிங்கப்பூர் 2019இல் கார்பன் வரி கொண்டுவந்தது. 2024இல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026இல் 45 வெள்ளி. கார்பன் வரவு வாங்கி விற்கும் நிறுவனங்கள் இந்த நகரத்தில் பெருகியிருக்கின்றன. உங்கள் ஊர் விவசாயிகளிடமும் மரத்துக்குக் கார்பன் காசு என்று பேச ஆள் வரலாம். எல்லாம் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: எத்தனை ஆண்டு மரத்தை வெட்டக் கூடாது என்பது. அந்த வரி உங்கள் வெட்டும் உரிமையை விற்கிறது. மகளின் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ விற்கலாம் என்று நட்ட மரத்துக்கு, அந்த விலை போதுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எனவே நிலம் அங்கேயும் நாம் இங்கேயும் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? என் யோசனை எளிது. வழக்கறிஞர்கள் முகம் சுளிக்கலாம். நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதச் சம்பளம் மட்டும் கொடுக்காதீர்கள். மரத்தில் பங்கு கொடுங்கள், எழுத்தில் கொடுங்கள். கலைத்து எடுக்கும் மரம் முழுவதும், இடையில் வரும் தழை, காய், புல், ஊடுபயிர் அவருக்கு. கடைசி வெட்டில் இத்தனையில் ஒன்று அவருக்கு. அப்படிச் செய்தால் கலைக்க வேண்டிய ஆண்டில் தானாகக் கலைப்பார், ஆடு புகுந்தால் ஓடிவருவார். சிங்கப்பூர் ரப்பர்த் தோட்டத்தில் நம் முன்னோருக்குக் கிடைக்காத கிளையை அவருக்குக் கொடுப்பதில் நமக்கு நஷ்டம் இல்லை. கன்றுக்காக அலைய வேண்டாம். தமிழ்நாட்டு வேளாண் துறை 2021-22 முதல் பசுமைப் போர்வை இயக்கத்தில் உழவன் செயலியில் பதிந்தவர்களுக்குக் கன்று கொடுத்து வருகிறது. பார்த்துக்கொள்பவர் பெயரிலும் கைபேசி எண்ணிலும் பதியச் சொல்லுங்கள்.

கன்று பிடித்த பிறகு ஒரு காகித வேலை இருக்கிறது; பெரும்பாலோர் மறப்பது அதைத்தான். கிராம நிர்வாக அலுவலரின் பயிர்க் கணக்கான அடங்கலில் உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே மரங்களைப் பதியச் செய்யுங்கள்: என்ன மரம், எத்தனை, எந்த ஆண்டு நட்டது. பதிந்த தேக்கையோ சந்தனத்தையோ வெட்ட அனுமதி கேட்கும்போது, இது காட்டு மரம் அல்ல, நான் நட்டது என்று காட்ட அதுதான் சான்று. புயல் இழப்பீட்டுக்கும் அதைத்தான் கேட்பார்கள். அடங்கல் எழுதும் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்குகிறது. டிசம்பர் விடுமுறையில் நீங்கள் ஊருக்குப் போகும்போது சம்பாப் பயிராய்வுக்காக அலுவலர் வயல்பக்கம் வரும் காலம். பொங்கலுக்குள் அவரைப் பிடித்து வரப்பு வரப்பாக அழைத்துப் போய் எண்ண வையுங்கள். பார்த்துக்கொள்பவரும் கூடவே நடக்கட்டும்.